கேமரா இயங்கியும் இரவுக் காட்சி இருள்வது ஏன்? ஒளி உணரியைப் பொருத்தும் முறை

நள்ளிரவில் திருட்டு நிகழ்ந்தபின் கண்காணிப்பு கேமராவின் பதிவைப் பார்த்தால், சில இடங்களில் கரிய திரை மட்டுமே எஞ்சுகிறது. கேமரா பழுதாகாமலேயே இவ்வாறு நேரலாம். அகச்சிவப்பு விளக்கை இயக்கும் ஒளி உணரி தவறான இடத்தில் இருந்தாலே போதும்.

நாட்டின் அனைத்துக் காவல் நிலையங்களிலும் இரவிலும் பதிவு செய்யும் கேமராக்களைப் பொருத்துமாறு உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உத்தரவிட்டது. இரவுப் பதிவின் தேவை வீடுகள், கடைகள், கிடங்குகளுக்கும் பொருந்தும்.

செயல்படும் விதம்

பகலில் கேமராவினுள் உள்ள வடிப்பான் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கிறது. இருட்டியதும் அது விலக, காட்சி கருப்பு வெள்ளைக்கு மாறுகிறது. 850 நானோமீட்டர் விளக்கு மங்கலான செந்நிறத்தில் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒளி எட்டும் தொலைவு குறைவு. தனியாகப் பொருத்தப்படும் விளக்கை, வெளிச்சம் குறைவதை அறியும் ஒளி உணரி எரியச் செய்கிறது.

எங்கே பொருத்துவது?

உணரி திறந்த வானத்தை நோக்கியிருக்க வேண்டும். தெருவிளக்கு, வாகன முகப்பு விளக்கு ஆகியவற்றின் ஒளி அதன்மீது விழுந்தால், இரவிலும் பகல் என்றே கருதி விளக்கை அணைத்துவிடும். அடர்ந்த மரநிழலில் வைத்தால், பகலிலும் விளக்கு வீணாக எரியும். சிலிக்கான் உணரிகள் அகச்சிவப்பு ஒளியையும் உணர்பவை. எனவே, அதே விளக்கின் ஒளி சுவரில் பட்டு உணரிக்குத் திரும்பினால், விளக்கு மாறி மாறி எரிந்து அணையும்.

நேர ஒழுங்கு

மாலையில் முதலில் விளக்கு எரிய வேண்டும். அதன்பின் கேமரா இரவு நிலைக்கு மாற வேண்டும். வரிசை மாறினால், அந்தி வேளையின் சில நிமிடங்கள் பதிவில் இருண்டுவிடும். காலையில் கேமரா பகல் நிலைக்குத் திரும்பிய பிறகே விளக்கு அணைய வேண்டும். விளக்கு எரியும் ஒளி அளவைவிட அணையும் அளவைச் சற்று உயர்த்தி, சில விநாடித் தாமதமும் அமைத்தால், கடந்து செல்லும் மேகமோ வாகன வெளிச்சமோ குழப்பம் விளைவிக்காது.

சோதிப்பது எப்படி?

பகலில் உணரியைக் கருப்பு நாடாவால் மூடிவிட்டு, கைப்பேசியின் முன்பக்கக் கேமரா வழியாக விளக்கைப் பார்க்கலாம். பெரும்பாலான கைப்பேசிகளில் வெளிர் ஊதா நிற ஒளி தெரியும். பின்னர், அந்தி நேரப் பதிவை ஒருமுறை முழுமையாகப் பார்ப்பது அவசியம். தூசியும் சிலந்தி வலையும் உணரியை மறைக்கக்கூடும் என்பதால், மாதம் ஒருமுறை அதைத் துடைப்பது நல்லது.