விஞ்ஞான நாவலுக்கு ஈழம் ஈந்த இரு மலைகள்

கண்டி மாநகருக்கு வடக்கே, மாத்தளை, தம்புள்ளைப் பகுதிகளுக்கு அப்பால், நேர்கோட்டில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தொலைவில் சீகிரியாக் குன்று நிற்கிறது. நகரின் தெற்கே, சற்று மேற்குச் சாய்வாக, ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தொலைவில் சிவனொளிபாதமலை உயர்ந்து விளங்குகிறது. ஒன்று மன்னனின் மலை. மற்றது அடியாரின் மலை. இவ்விரண்டையும் இணைத்து, உலகெங்கும் படிக்கப்படும் ஒரு விஞ்ஞான நாவல் எழுதப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் 'தி பவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்', அதாவது 'சுவர்க்கத்தின் நீரூற்றுக்கள்', என்ற பெயருடன் 1979 ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. எழுதியவர் ஆதர் சி. கிளார்க்.

விஞ்ஞானக் கதை என்றதும், மனம் போனபடியெல்லாம் எழுதலாம் என எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் சரியா? கதாசிரியன் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது? இவ்வினாவுக்கு விடை காண, இந்நாவல் உருவான விதத்தை ஆராய்வதே சிறந்த வழியாகும்.

கிளார்க் 1917 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் றாடர்த் துறையிற் பணியாற்றினார். பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் பயின்றார். கடலடியில் நீந்துவதில் கொண்ட பெருவிருப்பமே அவரை 1956 இல் இலங்கைக்குக் கொணர்ந்தது. திருக்கோணேசுவரத்தின் பழைய ஆலயச் சிதைவுகளைக் கடலடியிற் கண்டோருள் அவரும் அவர் நண்பர் மைக் வில்சனும் அடங்குவர். 2008 இல் கொழும்பில் மறையும்வரை இந்நாடே அவருடைய இல்லமாயிற்று.

நாவலின் அடிப்படைக் கருத்து அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, பூமி ஒருமுறை சுழலும் நேரத்திலேயே தானும் ஒருமுறை சுற்றிவிடுகிறது. ஆகவே, நிலத்தில் நிற்பவருக்கு அது வானில் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். இத்தகைய செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாம் என 1945 ஆம் ஆண்டிலேயே கட்டுரை வரைந்தவர் கிளார்க். அங்கிருந்து பூமிவரை ஒரு கயிற்றை இறக்கினால் என்ன? மேற்புறத்திலும் அதற்கு ஈடான பாரத்தை நீட்டிச் சமன் செய்துவிட்டால், அக்கயிறு வீழாது நிற்கும். அதனைப் பற்றி ஊர்திகள் விண்ணுக்கு ஏறலாம். 1960 இல் ருஷ்யப் பொறியியலாளர் யூரி அர்ட்சுட்டானவ் இதனை வெளியிட்டார். அமெரிக்கரான ஜெரோம் பியர்சன் 1975 இல் விரிவாகக் கணக்கிட்டு எழுதினார்.

இக்கருத்தைக் கதையாக்க முற்பட்ட கிளார்க்கின் முன்னே ஓர் இடர் நின்றது. கயிறு இறங்குவதற்கு உகந்த இடம் பூமத்திய கோடு. சிவனொளிபாதமலையோ அதற்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. இயற்கை விதியை வளைத்துக் கயிற்றை மலைக்குக் கொண்டுவந்திருக்கலாம். படிப்போரிற் பலர் அதனை அறியவும் மாட்டார். அவர் அவ்வாறு செய்யவில்லை. மாறாக, தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார்! 7 பாகை என்பது ஏறத்தாழ அத்தனை தூரமே என்பதைப் பூமிசாஸ்திரம் பயின்ற மாணவர் எளிதிற் கணித்துக்கொள்வர். மேலும், 2,243 மீற்றர் உயரமுள்ள மலையை இருமடங்காக உயர்த்தினார். அதனைச் சீகிரியாவுக்கு அண்மையில் வைத்தார். தீவுக்கு, கிரேக்கர் வழங்கிய தப்ரபேன் என்னும் பழம்பெயரைச் சூட்டினார். தாமிரபரணி என்பதன் திரிபே அது என்பர். செய்த மாற்றங்களை நூலின் பின்னுரையில் வெளிப்படையாகச் சொல்லியும் விட்டார்.

இங்கேதான் அவருடைய கலையின் இரகசியம் அடங்கியிருக்கிறது. தேசப்படம் மனிதன் வரைந்தது. கதைக்காக அதனைத் திருத்தலாம். புவியீர்ப்பு விதி மனிதன் இயற்றியது அன்று. அதனைத் திருத்தினால் கதையின் அத்திவாரமே ஆட்டங் காணும். உருக்குக் கயிறு தன் பாரத்தாலேயே அறுந்துவிடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. வைரத்தின் இயல்புடைய, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழை ஒன்றைக் கற்பித்துக்கொண்டார். கரியணுக்களாலான மிக வலிய நுண்குழாய்கள் 1991 இற்குப் பின்னர் பெருங்கவனம் பெற்றபோது, அக்கற்பனை ஆதாரமற்றதன்று என்பது புலனாயிற்று. எனினும், அத்தகைய கயிறு இன்றுவரை எங்கும் அமைக்கப்படவில்லை.

கணக்கு மாத்திரம் நாவலாகிவிடுமா? ஆகாது. சீகிரியாவில் ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட காசியப்பனைக் காளிதாசன் என்னும் மன்னனாக்கி, அவனுக்கும் எதிர்காலப் பொறியியலாளரான மோர்கனுக்கும் இடையே ஓர் ஒப்புமையைக் கிளார்க் காட்டினார். குன்றின்மேல் மாளிகையும் அடிவாரத்தில் நீரூற்றுக்களும் அமைத்து, மண்ணிலே வானுலகைக் காண முயன்றவன் மன்னன். வானுக்கே பாதை சமைக்க முயல்பவர் மோர்கன். இருவரையும் உந்துவது ஒரே ஆசை. இருவரையும் தொடர்வது அதே ஆசையின் விலை.

மோர்கனின் பாதைக்குத் தடையாக இருப்பது மலையுச்சியிலுள்ள மடாலயம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட உரிமையுடைய துறவிகள் இடந்தர மறுக்கின்றனர். சமய நம்பிக்கையற்றவரான கிளார்க், அத்துறவிகளை அறிவிலிகளாகச் சித்திரிக்கவில்லை. அவர்களுள் ஒருவர் முன்னாள் விஞ்ஞானி. அவர் மோர்கனின் பரிசோதனையைக் குலைக்கச் செயற்கையாகப் புயலை எழுப்புகிறார். அப்புயலே மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளை உச்சிக்குக் கொண்டுசேர்க்கிறது. பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் மடாலயம் மலையை இழக்கும் என்பது பழைய வாக்கு. துறவிகளும் அமைதியாக இறங்கிச் செல்கின்றனர். இம்மலையைச் சிங்களத்தில் 'சமனல கந்த', வண்ணத்துப்பூச்சி மலை, என வழங்குவதை மலைநாட்டார் அறிவர். பருவந்தோறும் பூச்சிகள் அதனை நோக்கிப் பறப்பதைக் கண்டோரும் பலர். ஊரார் வாய்மொழியே கதையின் திருப்புமுனையாக அமைந்துவிட்டது.

இதே 1979 இல் சார்ல்ஸ் ஷெபீல்ட் என்னும் வேறொரு எழுத்தாளரும் இதே கருத்தை வைத்து நாவல் வெளியிட்டார். ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதவில்லை என்பதைக் கிளார்க்கே பகிரங்கமாக எடுத்துரைத்தார். விஞ்ஞானக் கருத்து யாவருக்கும் பொது. அதனை எவரும் எடுத்தாளலாம். கிளார்க்கின் நாவலைத் தனித்து நிறுத்துவது அதன் மண். நெபுலா, ஹியூகோ ஆகிய இரு பெரும் பரிசுகளையும் அந்நாவல் பெற்றது.

இதிலிருந்து தமிழில் எழுதப் புகும் இளைஞர் பெறத்தக்க பாடம் யாது? விஞ்ஞான நாவலுக்கு அந்நிய நகரங்களையும் அந்நியப் பெயர்களையும் தேடவேண்டியதில்லை. ஹற்றனிலும் மஸ்கெலியாவிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள், யாத்திரைக் காலத்து இரவுகளில் மலைமேல் வரிசையாக எரியும் விளக்குகளைப் பார்த்தே வளர்கின்றனர். கடல் கடந்து வந்த ஒருவர் அம்மலையில் விண்ணுக்கு ஏணி சாத்தினார். அதன் அடிவாரத்திலேயே பிறந்தவர்கள், பௌதிகப் பாடத்தைச் செவ்வையாகக் கற்று, தம் பாட்டன் பாட்டி சொன்ன கதைகளையும் மறவாது எழுதப் புகுந்தால், அவர் காணாத பலவற்றைக் காட்டவல்லவர் ஆவர். மலை அங்கேயே இருக்கிறது. எழுதும் கைகளே வேண்டும்.