வெள்ளாற்றங்கரையில் கடற்கல்வி

கடற்கரைக்குச் சென்றால் காற்று வாங்குகிறோம். அலையில் கால் நனைக்கிறோம். கிளிஞ்சல் பொறுக்கி வருகிறோம். அக்கடலையே பாடமாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்வோரும் உளர். பட்டப் படிப்பிற்குப் பின் முதுகலை, முனைவர் பட்டம் எனத் தொடரும் அக்கல்வி எத்தகையது என்பதைச் சிறிது காண்போம்.

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திற்கு அருகே, வெள்ளாறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள ஊர் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இங்குதான் அமைந்துள்ளது. பேராசிரியர் ஆர். வி. சேஷையா அவர்கள் இதனை நிறுவி வளர்த்தார்கள். ஆறு, கழிமுகம், திறந்த கடல், பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு ஆகிய நான்கும் அருகருகே இருப்பது இவ்விடத்தின் சிறப்பாகும்.

இங்கு ஆராய்ச்சி எவ்வாறு நடைபெறும்? ‘கழிமுகத்திற்கு இறால் குஞ்சுகள் எந்த மாதத்தில் மிகுதியாக வருகின்றன?’ என்பது ஒரு மாணவியின் கேள்வி எனக் கொள்வோம். அவள் மாதந்தோறும் படகில் ஏறி, குறித்த அதே இடங்களுக்குச் செல்ல வேண்டும். நீரின் வெப்பம், உப்பு, உயிர்வாயு ஆகியவற்றை அளக்க வேண்டும். மெல்லிய நைலான் வலையை இழுத்து, அதில் சிக்கும் நுண்ணுயிர்களை நுண்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

ஒரு முறை சென்று பார்த்தால் போதாதா? போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் பெருகிக் கழிமுகத்தின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கோடையிலோ அது கடல் நீரை நெருங்கும். அதாவது, ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். நீர் மாறினால் அதில் வாழும் உயிர்களும் மாறும். ஆதலின் ஓராண்டேனும் பொறுமையாகக் கணக்கெடுத்தாலன்றி உண்மை விளங்காது.

இவ்வாறு எண்ணுவதால் யாருக்குப் பயன் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கிப் பல உயிர்களைக் கொண்டு சென்றது. அதன்பின் இம்மையத்தின் பேராசிரியர் கே. கதிரேசன் அவர்களும் என். இராஜேந்திரன் அவர்களும் இப்பகுதியிலுள்ள 18 சிற்றூர்களை ஆராய்ந்து, 2005இல் கட்டுரை வெளியிட்டனர். அலையாத்தி மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தன என்றும், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டு நிலத்தில், அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் குடியிருப்பதே நலம் என்றும் அவர்கள் கூறினர்.

அறிஞர் உலகம் இதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 2006இல் வேறு சிலர் அதே எண்களை மீண்டும் கணக்கிட்டு, காத்தது மரமன்று, கடலிலிருந்து இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே என வாதிட்டனர். மற்றும் சிலர் மரத்தின் பக்கமே பேசினர். இது வீண் சண்டை அன்று. மரம் நட்டால் போதும் என நம்பிக் கரையோரத்திலேயே வீடு கட்டினால், நாளை யார் பொறுப்பு? ஓர் எண் பிழையானால் ஓர் ஊரே விலை கொடுக்க நேரும். ஆதலின் ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்ப்பது ஆராய்ச்சியின் அறமாகும்.

பெண்களால் இது இயலுமோ என ஐயுறும் பெற்றோர்க்கு ஒரு சான்று உண்டு. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தில் பணியாற்றிய அதிதி பந்த், நிலவியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தாவுடன் 1983இல் தொடங்கிய மூன்றாம் பயணத்தில் அண்டார்க்டிகா சென்றார். இந்திய ஆய்வுப் பயணத்தில் அப்பனி நிலத்தை அடைந்த முதல் பெண்மணிகள் அவ்விருவரே.

விலங்கியல், தாவரவியல், வேதியியல் என நாம் இன்று வகுப்பறையில் படிக்கும் பாடங்களே இக்கல்விக்கு வாயில்கள். சோதனைக் கூடத்தில் கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கம் நமக்கு இப்போதே வருமாயின், கடல் நமக்கும் தன் கதவைத் திறக்கும்.