பதினேழு தூண்கள் நுழைந்த வாசல்

1959-இல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் பதினேழு மரத்தூண்கள் கொடையாக வந்தன. கொடுத்தவர் டாக்டர் ஸ்டூவர்ட் ஸ்கூகல், எலும்பு அறுவை மருத்துவர், கலைப்பொருள் சேகரிப்பாளர். செய்தவர்கள் டார்வினுக்கு வடக்கே கடலில் இருக்கும் மெல்வில் தீவின் திவி மக்கள்.

திவி மொழியில் இவற்றுக்கு ‘துட்டினி’ என்று பெயர். ஒருவர் இறந்து சில மாதங்கள் கழித்து நடக்கும் ‘புக்குமணி’ சடங்குக்கு உரியவை. கடினமான மரத்தைச் செதுக்கி, காவிக்கல், வெள்ளைக் களிமண், கரி ஆகியவற்றால் கோடும் புள்ளியுமாகத் தீட்டுவார்கள். புதைகுழியைச் சுற்றி நட்டு, ஆடிப் பாடி முடித்ததும் அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு அவை மழைக்கும் வெயிலுக்கும் சொந்தம்.

உளுத்துப்போக விடவேண்டியதைக் கூரைக்கடியில் வைத்துக் காப்பது முறையா? நியாயமான கேள்விதான். ஆனால், இந்தப் பதினேழும் எந்தக் கல்லறையிலிருந்தும் பிடுங்கி வந்தவை அல்ல. ஸ்கூகலும் கலைக்கூடத் துணை இயக்குநர் டோனி டக்சனும் 1958-இல் தீவுக்கே போய், கலைக்கூடத்துக்கென்றே செய்யச் சொன்னவை.

அன்று திவி மக்கள் போன்ற ஆஸ்திரேலிய ஆதிகுடிகளின் ஆக்கங்கள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் அருங்காட்சியகம். அங்கே அவை இனவரைவியல் மாதிரிகள். செய்தவர் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. நாட்டின் அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணக்கிலேயே ஆதிகுடிகளைச் சேர்க்காத காலம் அது. 1967-இல் நடந்த அரசியல் சட்டத் திருத்த வாக்கெடுப்புக்குப் பிறகே அந்த விதி நீங்கியது. அப்படியொரு காலத்தில் ஓவியங்களுக்கான கட்டடத்துக்குள் இந்தத் தூண்கள் நுழைந்தபோது, ‘இவை கலையா, மானிடவியலா’ என்ற விவாதம் கிளம்பாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

டக்சனுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அவரே அரூப ஓவியர். அலுவலகப் பொறுப்பில் இருந்ததால் தன் ஓவியங்களைப் பெரும்பாலும் வெளியே காட்டாமல் வரைந்துவந்தார். முதல் தனிக் கண்காட்சி 1970-இல்தான். தூணின் உருவத்தையும் வண்ணத்தையும் சக ஓவியனின் கண்ணால் பார்த்தவர் என்றே தோன்றுகிறது. 1960-61-இல் ஆதிகுடிக் கலைக் கண்காட்சி ஒன்றைத் தொகுத்து மாநிலக் கலைக்கூடங்களுக்குக் கொண்டுபோனார். பணம் ஸ்கூகலுடையது, பார்வை டக்சனுடையது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் தூண்கள் தீவைத் தாண்டியிருக்காது.

கலைக்கூடப் பதிவேட்டில் செய்தவர்களின் பெயர்களும் உண்டு. பிக் ஜாக் யருங்கா, பாப் ஒன் கலடிங்வாமா என்று பாதி ஆங்கிலம், பாதி திவியாக ஐந்து பெயர்கள். ஆறாவது இடத்தில், ‘பெயர் தெரியாத கலைஞர்’ என்றிருக்கிறது.