ரிப்பிள்ஹெட் பள்ளத்தாக்குப் பாலம்

ஆறு குறுக்கிட்டால் பாலம் கட்டுவது யாவரும் அறிந்ததே. பெரிய ஆறு எதுவும் இல்லாத இடத்திலும், ஒரு மேட்டிலிருந்து எதிர்மேட்டுக்குப் பள்ளத்தில் இறங்காமலே இருப்புப்பாதையைத் தூண்களின்மேல் கொண்டுசெல்ல நேர்வதுண்டு. அத்தகைய நெடும்பாலத்தை ஆங்கிலத்தில் 'வயாடக்ட்' என்பர். லத்தீன் மொழியில் 'வியா' என்றால் வழி. தமிழில் பள்ளத்தாக்குப் பாலம் எனலாம். இவ்வகைப் பாலங்களுள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் மலைப்பகுதியிலுள்ள ரிப்பிள்ஹெட் பாலத்தைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். உயரத்திலும் நீளத்திலும் இதனை விஞ்சியவை பல உண்டு. ஆயினும் இதைக் கட்டவே வேண்டாம் என்றார்கள். கட்டி நூறாண்டு கழிந்ததும் காக்க வேண்டாம் என்றார்கள். இரண்டையும் கடந்து அது நிற்பதால்தான் இதனைத் தேர்ந்துகொண்டேன்.

அந்நாளில் இங்கிலாந்தில் ரயில்பாதைகள் தனியார் கம்பெனிகளின் கையில் இருந்தன. மிட்லண்ட் ரயில்வே கம்பெனி தன் பயணிகளை ஸ்காட்லாந்துக்கு அனுப்பப் போட்டிக் கம்பெனியின் பாதையை நம்பியிருக்க வேண்டியிருந்தது. ஆகவே செட்டில் நகரிலிருந்து கார்லைல் வரை, ஏறத்தாழ 116 கிலோமீட்டருக்கு மலைகளின் ஊடே சொந்தப் பாதை போட 1866இல் நாடாளுமன்றத்தின் அனுமதியைப் பெற்றது. அதன்பின் போட்டிக் கம்பெனி இறங்கிவந்தது. இனி இந்தச் செலவு எதற்கு என்று திட்டத்தைக் கைவிட அனுமதி கேட்டபோது, 1869இல் நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. விருப்பமில்லாமல் தொடங்கிய வேலை இது. அதை அரைமனதாகச் செய்யவில்லை என்பதே எனக்கு வியப்பு.

விரைவு வண்டிகள் ஓடவேண்டிய பாதையாதலால், நூறு அடிக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் இருத்தலாகாது என்று வரையறுத்தனர். மலையோடு வளைந்து ஏறி இறங்க வழியில்லை. மலையைக் குடைய வேண்டும், பள்ளத்தைத் தாண்ட வேண்டும். தலைமைப் பொறியாளர் ஜான் கிராஸ்லியின் பொறுப்பில் 1870இல் தொடங்கி 1874இல் பாலம் எழுந்தது. 24 வளைவுகள், நீளம் சுமார் 400 மீட்டர், உயரம் 32 மீட்டர். அங்கு நிலம் சதுப்பு. சேற்றைத் தோண்டி, ஏறக்குறைய 7 மீட்டருக்குக் கீழே பாறையைக் கண்டு தூண்களை ஊன்றினார்கள். தூண்கள் சுண்ணாம்புப் பாறைக் கல்லால் ஆனவை. வளைவுகள் செங்கல்லால் ஆனவை. ஏறத்தாழ 15 லட்சம் செங்கற்கள் சென்றன.

இப்பாலத்தில் என்னை மிகவும் ஈர்த்தது தூண்களின் அமைப்பு. வளைவு என்பது தன்மேல் விழும் பாரத்தை நேரே கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அடுத்த வளைவு எதிர்ப்புறமிருந்து அதே அளவு தள்ளுவதால் நடுவிலுள்ள மெலிந்த தூண் அசையாமல் நிற்கிறது. ஒரு வளைவு இடிந்தால்? மறுபக்கத் தள்ளுதலைத் தாங்க ஆளின்றி அடுத்த தூண் சாயும்; பிறகு அதற்கடுத்தது. நம் கல்லூரி சைக்கிள் நிறுத்தத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்தால் வரிசை முழுவதும் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே கதைதான். இதற்காகவே ஒவ்வோர் ஆறாவது தூணையும் மற்றவற்றைவிட மிகப் பருமனாகக் கட்டினார்கள். ஒருபக்கத் தள்ளுதலைத் தனியாகவே தாங்கும் வலிமை அதற்கு உண்டு. எங்கு இடிந்தாலும் ஆறு வளைவுகளோடு சேதம் நின்றுவிடும். தான் கட்டுவது ஒருநாள் விழலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக் கட்டியவனே நல்ல பொறியாளன் என்பது என் எண்ணம்.

வேலை செய்தவர்களின் நிலை வேறு. தொழிலாளர்கள் தம் குடும்பங்களோடு சதுப்பில் மரக்குடிசைகள் போட்டு வாழ்ந்தனர். கிரிமியப் போரின் நினைவாக அக்குடியிருப்புகளுள் சிலவற்றுக்குச் செவாஸ்டபோல், இங்கர்மன் என்று பெயரும் இட்டனர். விபத்தில் மாண்டவர் பலர். பெரியம்மை கண்டு மாண்டவரும் பலர். அருகிலுள்ள சேப்பல்-லி-டேல் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில், அக்காலத்தில் ஆண், பெண், குழந்தைகளாகச் சுமார் 200 பேர் புதைக்கப்பட்டனர். உடன் வேலை செய்தவர்களும் கம்பெனியும் சேர்ந்து செலவு செய்து பதித்த நினைவுக்கல் அக்கோயிலினுள் இருக்கிறது.

நூறாண்டுக்குப்பின் பாலத்துக்குப் பகையாக வந்தது மழைநீர். வளைவுகளின் மேலிருந்த நீர்காப்புப் பூச்சு கெட்டு, நீர் உள்ளே இறங்கிற்று. குளிர்காலத்தில் அது உறைந்து விரியும். விரிந்து கல்லையும் காரையையும் பிளக்கும். பாரத்தைக் குறைக்க 1985இல் இரட்டைப் பாதையை ஒற்றைப் பாதையாக்கினர். அதற்கு முன்பே, 1983இல், அரசுடைமையான பிரிட்டிஷ் ரயில் நிறுவனம் பாதையையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. பாலத்தைப் பழுதுபார்க்க 60 லட்சம் பவுன் வரை ஆகும் என்பது அதன் முக்கிய வாதம்.

மக்கள் திரண்டு எதிர்த்தனர். ஆயிரக்கணக்கானோர் எழுத்தில் மறுப்புத் தெரிவித்தனர். அவ்வண்டிகளில் கட்டணம் செலுத்திப் பயணம் செய்த ரஸ்வார்ப் என்னும் நாயின் காலடிப் பதிவும் அம்மனுக்களில் ஒன்று! மூடும் பணியைக் கவனிக்க நியமிக்கப்பட்ட ரான் காட்டன் என்ற அதிகாரியோ, வண்டிகளில் கூட்டத்தைப் பெருக்கிக் காட்டினார். இத்தனைக்கும் மேலாக, எண்களை எண்களாலேயே மறுக்க வேண்டியிருந்தது. 1988இல் சோதனையாக ஒரு வளைவை மட்டும் திறந்து, நீர்காப்புச் செய்து பார்த்தனர். மதிப்பிட்டதைவிட மிகக் குறைந்த செலவில் வேலை முடியும் என்று தெரிந்தது. ஐந்தாண்டு வாதாடியதைவிட அந்த ஒரு வளைவு அதிகம் பேசியது என்பேன். மதிப்பீட்டை முதலில் எழுதியவர்கள் இச்சோதனையை அன்றே ஏன் செய்யவில்லை என்ற கேள்வியும் எனக்கு எழாமல் இல்லை.

1989 ஏப்ரல் 11 அன்று, பாதை மூடப்படாது என்று போக்குவரத்துத் துணையமைச்சர் மைக்கேல் போர்ட்டில்லோ அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் பாலம் முழுதும் செப்பனிடப்பட்டது. பயணிகள் வண்டியும் சரக்கு வண்டியும் இன்றும் அதன்மேல் ஓடுகின்றன. தண்டவாளம் மட்டும் அந்த ஒற்றைப் பாதையாகவே இருப்பதால், ஒரு வண்டி கடக்கும்வரை எதிர்வண்டி காத்து நிற்க வேண்டும். அதே பாதையிலுள்ள கார்ஸ்டேல் நிலையத்தில், 2009இல், ரஸ்வார்ப்புக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள்.