பழைய ஐபாடிலிருந்து புதிய கம்ப்யூட்டருக்குப் பாட்டு

பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது. சிடிகளிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிச் சேர்த்த பாட்டுகளும் அதோடு போய்விட்டன. ஆனால் அதே பாட்டுகள் ஐபாடில் இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் புதிய கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரலாம். கிளாசிக், மினி, நானோ எல்லாவற்றுக்கும் கீழே சொல்லும் வழி பொருந்தும். ஐபாட் டச் மட்டும் பொருந்தாது. ஐபோனைப் போலவே அதுவும் தன் பாட்டு ஃபைல்களை வெளியே காட்டாது. அதற்குத் தனி மென்பொருள் வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. வேறொரு கம்ப்யூட்டரோடு இணைந்திருந்த ஐபாடைப் புதிய கம்ப்யூட்டரில் செருகினால், ‘இதிலுள்ளதை அழித்துவிட்டு இங்கே இருப்பதை ஏற்றட்டுமா?’ என்று ஐடியூன்ஸ் கேட்கும். அவசரத்தில் ‘சரி’ என்று தட்டினால், மிஞ்சியிருந்த ஒரே பிரதியும் போய்விடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐடியூன்ஸை இப்போதைக்கு நிறுவாமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே இருந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐபாடைச் செருகுங்கள். மேக்கில் கமாண்டும் ஆப்ஷனும். தானாக சின்க் ஆவது நின்றுவிடும்.

பாட்டு ஐபாடுக்குள் போகலாம், வெளியே வரக்கூடாது என்று ஏன் இப்படி ஒருவழிப் பாதையாக வைத்தார்கள்? ஐபாட் 2001 அக்டோபரில் அறிமுகமானது. பாட்டை ஆளுக்காள் இலவசமாகக் கைமாற்றிக்கொள்கிறார்கள் என்று இசை நிறுவனங்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ‘இசையைத் திருடாதீர்கள்’ என்று ஐபாடின் மேலுறையிலேயே ஆப்பிள் ஒட்டி அனுப்பியது. நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகிப் பாட்டை இறக்கிக் கொடுக்க முடியாதபடி, கம்ப்யூட்டரிலிருந்து ஐபாடுக்கு மட்டுமே பாட்டு போகும் என்று அமைத்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் காசு கொடுத்து சிடி வாங்கிய ஒருவர், தன் பாட்டைத் தன் வீட்டு இரண்டாவது கம்ப்யூட்டருக்கே கொண்டுபோக முடியாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லவேளையாக, அந்தப் பூட்டு பலமானதல்ல. ஐபாட் என்பது அடிப்படையில் ஒரு ஹார்டு டிஸ்க். நானோவிலும் ஷஃபிளிலும் ஃபிளாஷ் மெமரி. பாட்டுகள் அதில் முழு ஃபைல்களாகவே இருக்கின்றன, மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். விண்டோஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டும் வசதியை இயக்குங்கள். மேக்கில் ஃபைண்டரில் கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ‘ஐபாட் கன்ட்ரோல்’ என்ற ஃபோல்டர் தெரியும்; அதற்குள் ‘மியூசிக்’. அதை அப்படியே கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். மேக்கில் அமைத்த ஐபாடை விண்டோஸ் படிக்காது. விண்டோஸில் அமைத்ததை மேக் படிக்கும்.

காப்பி செய்ததைத் திறந்து பார்த்தால் திகைப்பாக இருக்கும். எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். உள்ளே பொருளே இல்லாத நான்கெழுத்துப் பெயர்களில் ஃபைல்கள். எது எந்தப் படத்துப் பாட்டு என்று தெரியாது. கவலை வேண்டாம். பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பதுபோல, பாட்டின் பெயர், ஆல்பம், பாடியவர் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. இதைத்தான் டேக் என்கிறோம். ஐடியூன்ஸின் அட்வான்ஸ்டு அமைப்பில், ஃபைல்களைத் தன் ஃபோல்டருக்குக் காப்பி செய்யவும் ஒழுங்குபடுத்தவும் சொல்லும் இரண்டு கட்டங்களையும் டிக் செய்துவிட்டு, அந்த ‘மியூசிக்’ ஃபோல்டரைச் சேருங்கள். டேக்கைப் படித்து, கலைஞர் வாரியாக, ஆல்பம் வாரியாக அதுவே அடுக்கி, பழைய பெயர்களையும் வைத்துவிடும்.

டேக் சரியாக இருந்தால்தான் இது நடக்கும். தமிழ்ப் பாட்டுகளில் சிக்கல் வருவது இங்கேதான். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தால் மூன்று ஃபோல்டர்கள் முளைக்கும். இறக்கிய தளத்தின் பெயரே ஆல்பம் பெயராக உட்கார்ந்திருப்பதும் உண்டு. எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருளில் இவற்றை மொத்தமாகத் திருத்தலாம். ஒரு நாள் மாலையை இதற்கு ஒதுக்குங்கள். பிறகு தேடும் போதெல்லாம் பலன் தெரியும்.

பிளேலிஸ்ட், நட்சத்திர மதிப்பெண், எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு, இவை ஃபைலுக்குள் இல்லை. ஐபாடின் தனிப் பட்டியலில் இருக்கின்றன. ஃபோல்டரைக் காப்பி செய்தால் அவை வராது. அவையும் வேண்டுமென்றால் அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்த மென்பொருள்தான் வழி.

கடையில் வாங்கிய பாட்டுகளுக்கு ஒரு குறிப்பு. ஐடியூன்ஸ் ஸ்டோர் 2003இல் தொடங்கியது முதல் 2009 வரை விற்ற பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு உண்டு. காப்பி ஆகும், ஆனால் வாங்கியவரின் கணக்கில் அனுமதி பெற்ற கம்ப்யூட்டரில் மட்டுமே பாடும். இந்தியாவில் அந்த ஸ்டோர் 2012 டிசம்பரில்தான் வந்தது என்பதால், இங்கே வாங்கிய பாட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் முடிந்ததும் ஐபாடின் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியைப் பாருங்கள். மொத்தப் பாட்டுகளின் எண்ணிக்கை அங்கே இருக்கும். கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்த எண்ணிக்கையும் அதுவும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, சில பாட்டுகளை ஓடவிட்டுக் கேட்டு, இன்னொரு டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதன்பிறகு புதிய கம்ப்யூட்டரோடு ஐபாடைத் தாராளமாக சின்க் செய்யலாம்.