ஆசனம் யாருடையது?

பாராளுமன்றத்துக்கு ஒருவரைத் தெரிந்து அனுப்புவது எவ்வாறு என்பதை நேயர்களாகிய நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆனால் அவ்வாறு அனுப்பப்பட்டவர் இடையில் இறந்துபட்டால், அல்லது பதவி துறந்தால், அல்லது தம்மை நிறுத்திய கட்சியைக் கைவிட்டு எதிர்ப்பக்கஞ் சென்று அமர்ந்தால், அவருடைய ஆசனம் என்னாகின்றது? அடுத்து அதில் அமர்பவர் யார்? அவரை அமர்த்துபவர் யார்? இக்கேள்விகளுக்கு நமது நாடு சுதந்திரம் பெற்ற நாள்தொட்டு ஒன்றுக்கொன்று மாறான விடைகளை அளித்து வந்திருக்கின்றது. அவ்விடைகள் மாறியபோதெல்லாம் வாக்காளனுடைய உரிமையும் உடன் மாறியது. அதனையே இன்று சிறிது ஆராய்வோம்.

சோல்பரி அரசியல் யாப்பின் கீழ் விடை எளிதாயிருந்தது. ஆசனம் வெறுமையானால் அத்தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெறும். 1963 இல் ஊர்காவற்றுறைப் பிரதிநிதி வி. ஏ. கந்தையா காலமானதும், அத்தொகுதி மக்கள் மீண்டும் வாக்களித்து வி. நவரத்தினத்தைத் தெரிந்தனர். இடையில் நேர்ந்த குறையை மக்களே நிரப்பினர். வேறெவருக்கும் அதில் வேலை இருக்கவில்லை.

கட்சி மாறுதலைப் பொறுத்தவரை அக்காலச் சட்டம் உறுப்பினருக்குப் பெருஞ் சுதந்திரம் அளித்திருந்தது. 1951 ஜூலை மாதத்தில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அரசாங்கப் பக்கத்தை விட்டெழுந்து எதிர்ப்பக்கத்தில் அமர்ந்தார். அவர் ஆசனத்தை இழக்கவில்லை. 1964 டிசம்பர் 3 ஆம் நாள் சீ. பீ. டி சில்வாவும் அவரோடு 13 உறுப்பினரும் அவ்வாறே எழுந்து சென்றனர். அன்றைய வாக்கெடுப்பில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் 74க்கு 73 என ஒரே வாக்கினால் தோற்றது. ஓர் அரசாங்கத்தையே வீழ்த்தினாலும் உறுப்பினர் உறுப்பினரே. அவரைத் தண்டிப்பதோ பாராட்டுவதோ அடுத்த தேர்தலில் மக்கள் செய்யவேண்டிய வேலை என்பதே அன்றைய கொள்கை.

இடைத்தேர்தல் முறை இருந்த காரணத்தால் பதவி துறத்தல் ஓர் அரசியற் கருவியாகவும் பயன்பட்டது. 1972 இல் குடியரசு யாப்பு நிறைவேறியதும், தந்தை செல்வநாயகம் அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலே தமது காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். இந்த யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கின்றார்களா இல்லையா என்பதை என் தொகுதியிலே கேட்டுப் பாருங்கள் என்பதே அவருடைய அறைகூவல். ஆனால் இடைத்தேர்தல் உடனே வரவில்லை. 1975 பெப்ரவரி 6 ஆம் நாளே அது நடைபெற்றது. கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த வி. பொன்னம்பலத்தை எதிர்த்து, 16,000க்கும் மேற்பட்ட வாக்குகள் மேலதிகமாகப் பெற்று அவர் வென்றார். அதே ஆண்டு ஜூலையில், பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டதை எதிர்த்துக் கொழும்பு தெற்கு ஆசனத்தைத் துறந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் மீண்டும் போட்டியிட்டு வென்றார். இருவரும் கேட்டது ஒன்றே: மக்களின் தீர்ப்பு.

எனினும், பழைய முறையை நாம் பொன்னாகக் கொண்டாடிவிடவும் முடியாது. காங்கேசன்துறை மக்கள் இரண்டு ஆண்டுக்கு மேலாகத் தமக்கென ஒரு பிரதிநிதி இல்லாமலே இருந்தனர். இடைத்தேர்தலை எப்போது நடத்துவது என்பது ஆட்சியாளர் கையில் இருக்குமாயின், மக்களின் தீர்ப்பும் அவர்களுடைய வசதிக்கே காத்திருக்க வேண்டும். அன்றியும், ஒரேயொரு தொகுதியின்மேல் அரசாங்கத்தின் முழுப்பலமும் வந்து இறங்கும்போது அங்கே நடைபெறும் தேர்தல் எவ்வளவு நீதியானதாயிருக்கும் என்பதும் கேள்வியே.

1978 ஆம் ஆண்டின் யாப்பு இந்தப் போக்கைத் தலைகீழாக்கியது. ஆசனம் கட்சிக்கு உரியது என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. ஆயினும் அக்கொள்கையை வகுத்தவர்களே தமக்கு வேண்டியபோது அதை வளைத்துக்கொண்டனர். 1979 இல் மட்டக்களப்பு உறுப்பினர் செ. இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியிலிருந்து ஆளுங்கட்சிப் பக்கஞ் சேர்ந்தபோது, அவ்வாண்டின் இரண்டாம் திருத்தம் அதற்கு வழிவிட்டது. அவர் உறுப்பினராகவே நீடித்து அமைச்சருமானார்.

அதைவிட வியப்பானது 1982 இல் நடந்தது. சனாதிபதி ஜயவர்த்தனா தமது கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதி இடப்படாத பதவித் துறப்புக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 22 இல் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் பொதுத்தேர்தல் இன்றியே நீட்டப்பட்டது. அந்த வாக்கெடுப்பில் அரசாங்கம் தோல்வியுற்ற தொகுதிகள் சிலவற்றின் உறுப்பினர்கள் பதவி துறக்குமாறு செய்யப்பட்டு, 1983 மே 18 இல் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடைபெற்றது. ஐக்கிய தேசியக் கட்சி 14 இடங்களை வென்றது. பதவி துறத்தல் என்னும் செயல் உறுப்பினருடைய மனச்சாட்சியிலிருந்து கழன்று தலைவருடைய மேசை இழுப்பறைக்குள் சென்றுவிட்டது என்றே இதைச் சொல்லவேண்டும். செல்வநாயகம் துறந்ததும் ஓர் ஆசனந்தான். இவர்கள் துறந்ததும் ஆசனந்தான்!

அதே 1983 இல் ஆகஸ்ட் மாதம் ஆறாம் திருத்தம் வந்தது. பிரிவினையை மறுத்துச் சத்தியஞ் செய்யாதவர் பாராளுமன்றத்தில் அமரலாகாது என்றது அது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அச்சத்தியத்தைச் செய்யவில்லை, சபைக்கும் செல்லவில்லை. அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று மாதம் சபைக்கு வராதவர் ஆசனத்தை இழப்பார் என்பது யாப்பின் விதி. அவர்கள் இழந்தனர். அவர்களுடைய இடங்களுக்கு இடைத்தேர்தலும் நடைபெறவில்லை. யாழ்ப்பாண மக்கள் 1989 வரையில் பாராளுமன்றத்தில் ஒரு குரலும் இன்றி இருந்தனர். நாட்டின் வரலாற்றில் அவ்வாண்டுகள் எத்தகையன என்பதை நேயர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

1989 பெப்ரவரியில் விகிதாசார முறையில் முதலாவது பொதுத்தேர்தல் நடைபெற்றது. அன்றுதொட்டுப் பாராளுமன்றத்துக்கு இடைத்தேர்தல் என்பதே இல்லாது போயிற்று. மொத்த உறுப்பினர் 225 பேர். அவருள் 196 பேர் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். ஒரு மாவட்டத்துக்கு உரிய உறுப்பினர் தொகையிலும் மூன்று பெயர்களைக் கூடுதலாக ஒவ்வொரு கட்சியும் தன் நியமனப் பத்திரத்தில் எழுதும். ஐந்து உறுப்பினரைத் தெரியும் மட்டக்களப்பில் எட்டுப் பெயர்கள் இருக்கும். கட்சிக்கு இரண்டு ஆசனங் கிடைத்தால் விருப்பு வாக்கில் முதலிருவர் பாராளுமன்றஞ் செல்வர். இடையில் ஒருவருடைய இடம் வெறுமையானால், பாராளுமன்றச் செயலாளர் நாயகம் தேர்தல் அதிகாரிகளுக்கு அறிவிப்பார். விருப்பு வாக்கில் மூன்றாவதாக வந்தவர் அழைக்கப்படுவார். இந்த மூன்றாமவருடைய நிலை சற்றுச் சங்கடமானது. தோழருடைய நல்வாழ்வையும் அவர் விரும்ப வேண்டும். தொலைபேசி மணியையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இம்முறையின் நன்மையை மறைக்கலாகாது. 2006 நவம்பர் 10 ஆம் நாள் யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் நடராஜா இரவிராஜ் கொழும்பிலே சுட்டுக்கொல்லப்பட்டார். சில வாரங்களில் ந. ஸ்ரீகாந்தா அவருடைய இடத்துக்கு வந்தார். போர் மூண்டிருந்த அந்நாளில் யாழ்ப்பாணத்தில் இடைத்தேர்தல் நடத்தவேண்டியிருந்தால் அந்த ஆசனம் எத்தனை காலம் வெறுமையாயிருந்திருக்கும்? பழைய காங்கேசன்துறையை நினைப்பவர்க்கு விடை தெரியும்.

இனிக் கட்சி மாறுதலுக்கு வருவோம். யாப்பின் 99 ஆம் உறுப்புரையின் 13 ஆம் பந்தி, கட்சியிலிருந்து விலகியவரோ விலக்கப்பட்டவரோ ஒரு மாதங் கழிய ஆசனத்தை இழப்பார் என்கின்றது. விலக்கப்பட்டவர் அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மூவருக்குக் குறையாத நீதியரசர் கேட்டு இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பளிக்க வேண்டும். விலக்கியது தவறு என்று காணப்பட்டால் ஆசனம் நிலைக்கும். இவ்விதியின் கூர்மையை 1991 இல் நாடு கண்டது. சனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிரான குற்றப்பிரேரணையை ஒட்டி, லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்கா முதலியோரை அவர்களுடைய கட்சி விலக்கியது. நீதிமன்றம் அதை ஏற்றது. அவர்கள் ஆசனங்களை இழந்தனர்.

எழுத்தில் இவ்வளவு கடுமையான விதி நடைமுறையில் ஏன் தளர்ந்தது? ஆசனம் போவதற்கு முதலிற் கட்சி விலக்க வேண்டும். முறைப்படி விசாரித்து விலக்க வேண்டும். அதன்பின் நீதிமன்றத்தில் அது நிலைக்க வேண்டும். இந்த மூன்று படிகளில் எங்கே சறுக்கினாலும் உறுப்பினர் பிழைத்துக்கொள்வார். 2007 இல் கரு ஜயசூரியவும் வேறு பலரும் ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து அரசாங்கப் பக்கஞ் சென்று, ஆசனத்தோடேயே அமைச்சராயினர். மட்டக்களப்பில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர் நஸீர் அஹமட் 2021 நவம்பரில் கட்சியின் தீர்மானத்தை மீறி வரவுசெலவுத் திட்டத்தை ஆதரித்தார், 2022 இல் கட்சி விலக்கியது, அவரோ அமைச்சருமாயிருந்தார். விலக்கியது சரி என்ற தீர்ப்பு 2023 அக்டோபர் 6 ஆம் நாளே வந்தது. அடுத்த இடத்திலிருந்த அலி ஸாஹிர் மௌலானா அதன்பின் உறுப்பினரானார். இரண்டு மாதம் என்ற யாப்பின் அளவைக் காலம் வெகுதூரங் கடந்திருந்தது.

தேசியப் பட்டியலின் கதை இன்னும் விசித்திரமானது. ஆங்கே விருப்பு வாக்கும் இல்லை. கட்சிச் செயலாளர் பெயர் கூறுகின்றார், அவ்வளவே. 2021 ஜூலையில் ஒருவர் விலக, பசில் ராஜபக்ச வந்தார்; 2022 ஜூனில் அவர் விலக, தம்மிக பெரேரா வந்தார். கொழும்பு மாவட்டத்தில் வாக்குப் பெற்ற முஜிபுர் ரஹ்மான் மாநகர முதல்வராகும் எண்ணத்தோடு 2023 ஜனவரியில் விலகினார். அந்த இடத்துக்கு ஏ. எச். எம். பௌசி வந்தார். உள்ளூராட்சித் தேர்தலோ பின்போடப்பட்டது. 2024 மே 8 இல் டயானா கமகே உறுப்பினராயிருக்கும் தகுதியற்றவர் என உயர் நீதிமன்றம் தீர்க்க, அவருடைய தேசியப் பட்டியல் இடத்தில் முஜிபுர் ரஹ்மான் மீண்டும் சபைக்குள் வந்தார். இத்தனை போக்குவரவுக்கும் ஒரு வாக்குச்சீட்டேனும் அச்சிடப்படவில்லை.

2020 ஆகஸ்ட் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி எந்த மாவட்டத்திலும் ஓர் ஆசனமும் பெறவில்லை. தேசியப் பட்டியலில் மட்டும் ஒன்று கிடைத்தது. அதற்கு யாரை அனுப்புவது என்று அக்கட்சி பத்து மாதங்களுக்கு மேலாக முடிவு செய்யாதிருந்தது. பட்டியல் முறையிலும் ஆசனம் வெறுமையாய்க் கிடக்கலாம் என்பதற்கு அது சான்று. 2021 ஜூன் 23 இல் ரணில் விக்கிரமசிங்க அதில் அமர்ந்தார். சனாதிபதிப் பதவி இடையில் வெறுமையானால் பாராளுமன்றம் தன் உறுப்பினருள் ஒருவரையே தெரிய வேண்டும் என்பது யாப்பு. 2022 ஜூலை 20 ஆம் நாள் 134 உறுப்பினர் வாக்களித்து அவரைச் சனாதிபதியாக்கினர். அந்த ஆசனம் மீண்டும் வெறுமையாயிற்று. ஒரு வாரத்தில், ஜூலை 27 இல், கட்சி குறித்தனுப்பிய வஜிர அபேவர்தன அதில் அமர்ந்தார்.