தடித்த எழுத்தில் ஒரு எண்

வல்லம் பக்கத்து ஊர்களிலிருந்து செஞ்சிக்கு பஸ் ஏறி ரத்தம் கொடுத்துவிட்டு வருபவர்கள், ரிப்போர்ட் கைக்கு வந்ததும் தடித்த எழுத்து எங்கே என்றுதான் தேடுவார்கள். பதின்மூன்று வயதுப் பையனின் தாளில் ‘ஆல்கலைன் பாஸ்படேஸ்’ என்ற வரியில் 350 என்று இருக்கும். மேலே கல்லீரல் பரிசோதனை என்று தலைப்பு. போதாதா? அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. விடிந்ததும் கீழாநெல்லி தேடிப் போவார்கள்.

வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால், பையன் வளர்கிறான் என்பதுதான் பெரும்பாலும் அந்த எண்ணுக்கு அர்த்தம். பெரியவர்களுக்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற இந்த நொதி ஏறக்குறைய 40 முதல் 130 வரை இருக்கும். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். உயரம் கூடும் வயதில் அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருப்பது இயல்பு. பிள்ளையின் தாளில் பெரியவர்களின் அளவை அச்சடித்து வைத்தால் பயம்தான் மிஞ்சும்.

எலும்பைக் கட்டும் செல்களின் மேற்பரப்பில் இந்த நொதி இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து எலும்பில் படியவிடாமல் தடுக்கும் பைரோபாஸ்பேட்டை அது உடைத்துப் போடுகிறது. எலும்பு இறுகுவதில் இதற்குப் பங்கு உண்டு என்று 1923-இல் முதலில் சொன்னவர் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் ராபர்ட் ராபிசன். சில ஆண்டுகளில் ஹெர்பர்ட் கே என்பவர், எலும்பு நோயாளிகளின் ரத்தத்தில் இது ஏறியிருப்பதைக் கண்டார். அதே கே, பிறகு பாலுக்குத் திரும்பினார். கறந்த பாலிலும் இந்த நொதி உண்டு. காசநோய்க் கிருமி சாகும் சூட்டைவிடச் சற்றே கூடுதல் சூட்டில்தான் இது அழியும். பதப்படுத்திய பாலில் இது மிச்சமில்லையென்றால் பால் சரியாகச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். காலையில் நாம் பிரிக்கும் பாக்கெட் பாலுக்குப் பின்னால் இந்தச் சோதனை இருக்கிறது.

கல்லீரலில் கதை வேறு. பித்தக்கல்லோ கட்டியோ பித்தக் குழாயை அடைத்தால் அங்குள்ள செல்கள் இந்த நொதியை அதிகம் சுரந்து ரத்தத்தில் விடும். உடம்பெல்லாம் அரிப்பு, மஞ்சள் கண், வெளுத்த மலம் ஆகியவற்றோடு எண்ணும் ஏறினால் வயிற்று ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. ஜி.ஜி.டி. என்ற இன்னொரு சோதனையும் சேர்ந்து ஏறியிருந்தால் கல்லீரல் பக்கம் பார்க்க வேண்டும். அது இயல்பாக இருந்தால் எலும்பைச் சந்தேகிக்கலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியும் இதைச் சுரக்கும். அதற்கு மருந்து வேண்டாம்.

சுரப்பிகளும் இதில் கை வைக்கும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கிடக்கும் பாராதைராய்டு மிகையாகச் சுரந்தால் எலும்பிலுள்ள சுண்ணாம்பு கரைந்து ரத்தத்துக்குப் போகிறது. எலும்பு தன்னை ஈடுகட்ட முயல, நொதி உயர்கிறது. தைராய்டு அதிகமானாலும் அப்படியே.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது நம் பெண்களின் இடுப்பு வலி. குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழ முடியவில்லை, தொடை கடுக்கிறது, விலாவைத் தொட்டால் வலிக்கிறது என்கிறார்கள். ‘வயசாயிடுச்சும்மா’ என்று ஒரு வலி ஊசியோடு அனுப்பிவிடுகிறோம். வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகும் நோயாக அது இருக்கலாம்; ஏறிய ஆல்கலைன் பாஸ்படேஸ் அதன் முதல் துப்பாக இருக்கலாம். வெயிலில் களை எடுப்பவர்களுக்கு இது வராது என்று நினைப்பது தவறு. திருப்பதி வட்டாரத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், கிராமத்தாரிடமும் வைட்டமின் டி குறைவு பரவலாகத் தெரிந்தது. அவர்கள் உணவில் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. குணமாக்கும் மருந்து விலை குறைந்தது. கண்டுபிடிக்காமல் விடுவதுதான் கொடுமை.

எண் மிகவும் குறைந்திருந்தாலும் கவனிக்க வேண்டும். அது ரத்தம் எடுத்த குழாயின் கோளாறாகவும் இருக்கலாம். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தால், அதிலுள்ள ரசாயனம் நொதிக்குத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். எண் பொய்யாகக் குறையும்.

பழைய ரிப்போர்ட்டுகளை எறியாதீர்கள். செஞ்சி அரசு மருத்துவமனைக்குப் போனாலும் முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்குப் போனாலும் எடுத்துக்கொண்டு போய், ‘இது எலும்பிலிருந்து வருதா, கல்லீரலிலிருந்து வருதா டாக்டர்?’ என்று கேளுங்கள்.